தூண்டிலும் தெர்மாமீட்டரும்

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், நம்மவர்களில் வசதியுள்ளவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் உதகமண்டலத்துக்குப் படையெடுப்பது வழக்கம். மலர்க் கண்காட்சியைப் பார்க்கிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்கள். வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ந்த காற்றுக்கு ஏங்குவது மனித சுபாவம். ஆனால் அதே மலையில், ஊரைவிட்டுச் சுமார் 25 கிலோ மீட்டர் தள்ளி, குளிர்ந்த ஜலத்துக்கு ஏங்கும் பிராணி ஒன்றும் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அது இந்நாட்டில் தோன்றிய பிராணியல்ல; நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து குடியேற்றப்பட்டது. டிரௌட் என்பது அந்த மீனின் பெயர். அந்த மீனுக்கு நான் பட்ட கடன் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம்.

என் பெரியப்பா மின்சார வாரியத்தில் எஞ்சினீயராயிருந்து ஓய்வு பெற்றவர். குந்தா மின் திட்டத்தில் பல வருஷங்கள் உழைத்தவர். ஓய்வு பெற்ற பின்னும் மலையை விட்டு இறங்க மனமில்லாமல், எமரால்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். எங்களுடையது மரக்கறிக் குடும்பம். பெரியம்மாவோ ஏகாதசியன்று வெங்காயத்தைக் கூட வாசற்படி தாண்ட விடமாட்டாள். அப்படிப்பட்ட வீட்டின் கூடத்தில், பஞ்சாங்கம் தொங்கும் ஆணிக்கு அடுத்த ஆணியில் ஒரு தூண்டிற்கோல் தொங்கிற்று! 1984-ஆம் வருஷம் மே மாதம், கல்லூரி விடுமுறைக்கு அங்கே போயிருந்த எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் கொஞ்சநஞ்சமல்ல.

"பெரியப்பா, நீங்கள் மீன் பிடிக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"பிடிக்கிறேன்."

"பிடித்து?"

"விட்டுவிடுகிறேன்."

"விடுவதற்காகவா பிடிக்கிறீர்கள்?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல்தான் வந்தது: "நானும் பத்து வருஷமாய் இதைத்தான் கேட்கிறேன், அப்பா! உனக்காவது பதில் சொல்கிறாரா, பார்!"

மீன் வந்த கதை

டிரௌட் குளிர் நாட்டு ஆறுகளிலும் மலை ஏரிகளிலும் வசிக்கும் மீன். முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் நடுவே, எலும்பில்லாமல் சதைத் துணுக்குப் போல ஒரு சிறு செட்டை இருப்பது அதன் குல அடையாளம். அதில் இரண்டு ஜாதிகள் பிரசித்தமானவை. ஐரோப்பாவுக்குரியது பழுப்பு டிரௌட். வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளுக்குரியது வானவில் டிரௌட். பின்னதன் விலாவில் தலை முதல் வால் வரை ரோஜா நிறத்தில் ஒரு பட்டை ஓடும். பெயருக்குக் காரணம் அதுதான்.

இந்த மீனை நீலகிரிக்குக் கொண்டுவரும் பிரயத்தனம் 1860-களிலேயே தொடங்கிவிட்டது. சென்னை ராணுவத்தில் வைத்தியராயிருந்தவரும், இந்திய மீன்களைப் பற்றிப் பிற்காலத்தில் பெரிய நூல் எழுதியவருமான பிரான்ஸிஸ் டே என்பவர் முயன்று தோற்றார். உயிர் மீனைக் கப்பலில் ஏற்றி உஷ்ணப் பிரதேசத்தைக் கடப்பது நடவாத காரியம். முட்டையைப் பாசியில் பொதிந்து பனிக்கட்டியினடியில் வைத்தால், உள்ளிருக்கும் கருவின் வளர்ச்சி மந்தப்பட்டு, பிரயாணத்தைத் தாங்கும் என்று கண்டுபிடித்தார்கள். 1864-இல் 'நார்ஃபோக்' என்ற பாய்மரக் கப்பல் இவ்விதம் முட்டைகளைச் சுமந்து 91 நாள் பிரயாணம் செய்து ஆஸ்திரேலியாவை அடைந்தது. அம்முட்டைகளில் ஒரு பகுதி டாஸ்மேனியாவில் பொரித்தது. காஷ்மீரத்துக்கு 1899-இல் வந்த முட்டைகள் வழியில் அழிந்தன. 1900-இல் ஸ்காத்லாந்திலிருந்து வந்தவைதாம் பிழைத்தன. இலங்கையின் நுவரெலியாத் தோட்டக்காரர்கள் 1880-களிலேயே இந்த முயற்சியில் இறங்கியிருந்தார்கள்.

நீலகிரியில் காரியம் கைகூடியது 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஹெச். ஸி. வில்ஸன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஒன்றை நிறுவினார். இலங்கையிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வானவில் டிரௌட் வந்து சேர்ந்து, நம் மலையோடைகளில் வேரூன்றிவிட்டது. அதே 1907-இல்தான் சென்னை மாகாணத்தின் மீன் துறை, சர் பிரெடரிக் நிக்கல்ஸனின் தலைமையில் உருவாயிற்று. கூட்டுறவு நாணயச் சங்கங்களுக்கு வித்திட்டவர் என்று நம் நேயர்கள் அறிந்திருக்கும் அதே நிக்கல்ஸன்தான்.

இவ்வளவு சிரமமும் எதற்கு? ஜனங்களின் பசியைத் தீர்க்கவா? அன்று. தோட்டத் துரைமார்களுக்கும் ராணுவ உத்தியோகஸ்தர்களுக்கும் தங்கள் ஊர் ஞாபகம் வந்தது. தங்கள் ஊர் ஓடையில் செய்த விளையாட்டை இங்கேயும் செய்ய வேண்டியிருந்தது. மீன் அவர்களுடைய விளையாட்டுத் தோழன். சொல்லப்போனால் விளையாட்டுச் சாமான்.

பிறகு சுதந்திரம் வந்தது, துரைமார்கள் போனார்கள், மீன் போகவில்லை. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் குந்தா மின் திட்டம் எழும்பியது. அவலாஞ்சி, எமரால்டு என்ற இரண்டு நீர்த்தேக்கங்களும் அதனால் உண்டானவை. ஓடையில் இருந்த மீன் ஏரியிலும் குடிபுகுந்தது. வானவில் டிரௌட்டின் பூர்விகப் பிரதேசத்தில் கனடாவின் மேற்குப் பகுதியும் அடங்கும். "மீன் முதலில் வந்து சேர்ந்தது. அதற்கு ஏரி வெட்ட, அதன் ஊர்க்காரர்கள் ஐம்பது வருஷம் கழித்து வந்தார்கள்!" என்பது பெரியப்பாவின் பரிகாசம்.

பொய் ஈ

நம் குளத்தங்கரையில் பையன்கள் மண்புழுவைக் குத்தித் தக்கையை மிதக்கவிட்டு உட்காருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இது வேறு வித்தை. முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றி, ஒரு பூச்சியைப் போலச் செய்துவிடுகிறார்கள். எடையே இல்லாத அந்தப் பொய் ஈயை எப்படித் தொலைவில் எறிவது? அதற்காகக் கயிற்றையே கனமாகச் செய்திருக்கிறார்கள். கோலைப் பின்னால் ஆட்டினால், கயிறு வளைந்து பின்னே போய் நீண்டு நிற்கும். அது முழுதும் நீளும் வரை பொறுத்திருந்து, பிறகு முன்னால் ஆட்ட வேண்டும். அவசரப்பட்டால் கயிறு தன் மேலேயே விழும். தாமதித்தால் பின்னாலிருக்கும் புதரில் விழும். சரியாகச் செய்தால், கயிறு வளையமாக உருண்டு முன்னே சென்று, நுனியிலுள்ள ஈ நிஜப் பூச்சியைப் போல மெல்ல ஜலத்தின்மேல் இறங்கும். கடிகார முள்ளைப் போல், பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே கோல் ஆட வேண்டும் என்பது பெரியப்பா சொல்லிக்கொடுத்த பாடம்.

அந்த வயதில் எனக்குத் தேசபக்தி கொஞ்சம் அதிகம். "இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு அல்லவா, பெரியப்பா? நமக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டேன்.

பெரியப்பா ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாகப் பொய் ஈக்கள். அவற்றில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் தோளில் சிறிய இறகு ஒன்று கட்டியிருந்தது. கறுத்த இறகின் நுனியில், மெழுகுச் சொட்டுப் போல மஞ்சள் கலந்த ஒரு வெண் புள்ளி. "இது என்ன தெரிகிறதா? விடியற்காலையில் அதோ அந்தச் சோலைக்குள் கூவுகிறதே, காட்டுக்கோழி, அதன் கழுத்து இறகு. சீமையில் மீன் பிடிக்கிறவர்கள் இதைப் பொன்னைப் போலப் பொத்தி வைத்துக்கொள்வார்கள்" என்றார்.

பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் அதுவே. சாம்பல் நிறக் காட்டுக்கோழி நம் தீபகற்பத்துக்கே உரிய பறவை. அதன் சேவலின் கழுத்து இறகில் உள்ள அந்த மெழுகுப் புள்ளி, ஜலத்தில் சிறு மீனின் கண்ணைப் போல மின்னும் என்பதற்காக, ஏராளமான தோல்கள் இங்கிருந்து கப்பலேறின. காட்டுப் பறவைகளின் இறகை ஏற்றுமதி செய்வதை 1902-இலேயே அப்போதைய சர்க்கார் தடுத்தது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைக்கும் பாதுகாப்பளித்தது.

கோலின் கதையும் இதே மாதிரிதான். மூங்கிலை நீளப் பிளந்து, பட்டைகளை ஒட்டிச் செய்யும் தூண்டிற்கோலை 1840-களில் அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில் ஸாமுவேல் பிலிப் என்ற கைவினைஞர் செய்யத் தொடங்கியபோது, அதற்கு உபயோகப்பட்டது கல்கத்தா மூங்கில். சீனத்து மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது பின்னர்தான். விளையாட்டின் பூர்விகத்தைப் பார்த்தாலோ, இறகும் செந்நிறக் கம்பளி நூலும் கட்டி மீன் பிடித்ததைச் சுமார் 1800 வருஷங்களுக்கு முன்பே, மாஸிடோனியாவில் நடப்பதாக ஈலியன் என்ற ஆசிரியர் குறித்திருக்கிறார். ஆங்கிலேயர் தங்கள் வேதமாகக் கொண்டாடும் ஐஸக் வால்ட்டனின் தூண்டில் நூல் 1653-இல் வந்தது. அதற்கு ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே, கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தன் 'மானஸோல்லாஸ'த்தில், அரசர்களுக்குரிய பொழுதுபோக்குகளில் ஒன்றாகத் தூண்டில் விளையாட்டைச் சேர்த்து, எந்த மீனுக்கு எந்த இரை என்பது வரை எழுதி வைத்திருக்கிறான். ஆகவே, "இது வெள்ளைக்காரன் விளையாட்டு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. பெருமையில் பங்கு கேட்கிறவர்கள் பாவத்திலும் பங்கு ஏற்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு வீச்சு

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். பெரியப்பாவின் கையில் கோல். சட்டைப் பையில் மீன் துறையின் அனுமதிச் சீட்டு. கழுத்தில், கயிற்றில் கட்டிய ஒரு தெர்மாமீட்டர். ஜுரத்துக்கு வைப்பதல்ல, ஜலத்துக்கு வைப்பது.

மே மாதத்தில் அந்த ஏரிக்கு அழகு குறைவு. ஜலம் இறங்கி, கரையைச் சுற்றிச் செம்மண் விளிம்பு அகலமாகத் தெரியும். அதற்கு மேலே புல்வெளி, மடிப்புகளில் சோலை. ஓடை ஒன்று ஏரியில் வந்து கலக்கும் இடத்தில் நின்றோம். பெரியப்பா முதலில் கோலைத் தொடவில்லை. தெர்மாமீட்டரை ஜலத்தில் இறக்கினார். 16 டிகிரி. சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொண்டார்.

சேற்றில் புழுவாயிருந்து மேலே வந்து சிறகு விரிக்கும், கொசுவைப் போன்ற பூச்சிகள் அந்நேரத்தில் ஜலத்தின்மேல் மொய்த்தன. அவற்றுக்காக மீன்கள் எழும்பி, வட்ட வட்டமாக அலை எழுப்பின. ஒரு வட்டத்துக்குச் சற்று முன்னால் பெரியப்பாவின் ஈ இறங்கியது. இரண்டு நிமிஷத்தில் மீன் கரைக்கு வந்தது. அவர் அதை ஜலத்தை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. கையை நனைத்துக்கொண்டு, ஜலத்துக்குள்ளேயே முள்ளைக் கழற்றிவிட்டார். முள்ளின் நுனியில் பின்னோக்கி இருக்கும் சிறு கொக்கியை முன்பே குறட்டால் நசுக்கி வைத்திருந்தபடியால், அது எளிதில் கழன்றது. "உலர்ந்த கை பட்டால் அதன் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும். அதுதான் அதற்குக் கவசம்" என்றார்.

இரண்டு மீன்களுக்குப் பிறகு கோல் என் கைக்கு வந்தது. நான் முதலில் பிடித்தது ஒரு புதர். இரண்டாவது என் சட்டைக் காலர். மணி ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. வெயில் ஏறிற்று. பெரியப்பா மறுபடியும் தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்தார். இருபதரை டிகிரி.

"போதும். புறப்படலாம்" என்றார்.

"இப்போதுதான் கை பழகியிருக்கிறது, பெரியப்பா! ஒரே ஒரு வீச்சு!"

"இருபதுக்கு மேல் போனால் நான் போடுவதில்லை, தம்பி."

"ஒன்றே ஒன்று!"

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். சூதாடுகிறவனுக்குக் கிடைக்கும் வெற்றி தூண்டிலில் உள்ளதை மீன் விழுங்குவது போன்றது என்று உவமை சொன்னார் திருவள்ளுவர். தூண்டில் பிடித்தவனே சூதாடியாகிவிட்டதை அன்று நான் உணரவில்லை. ஒரே ஒரு வீச்சு பத்து வீச்சாயிற்று. பத்தாவதில் கோல் வளைந்தது.

அந்த நிமிஷத்தின் ஆனந்தத்தை மறைப்பானேன்? கயிறு விறுவிறுவென்று ஓடிற்று. மீன் ஜலத்துக்கு வெளியே துள்ளி, விலாவிலிருந்த ரோஜாப் பட்டை வெயிலில் ஜொலித்தது. அதை விரைவில் கரை சேர்க்கத் தெரியாமல், கால் மணி நேரத்துக்கு மேல் அலைக்கழித்தேன். கடைசியில் புல்லின்மேல் இழுத்துப் போட்டேன். உலர்ந்த இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்து, "பெரியப்பா, பாருங்கள்! பாருங்கள்!" என்று கூவினேன். "ஜலத்தில் விடு" என்று அவர் ஓடிவந்தார். விட்டேன். அது நாலு முழம் நீந்திப் போயிற்று. 'பிழைத்துவிட்டது' என்று நினைத்தேன். பிறகு அது மெள்ளச் சாய்ந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிந்தது.

பெரியப்பா வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கினார். அதை நிமிர்த்தி, ஓடை ஜலம் அதன் வாய்க்கு நேராக வரும்படி இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் நின்றிருப்பார். ஒன்றும் பலிக்கவில்லை.

காரணம் மிகச் சாதாரணமானது. ஜலத்தில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத்தான் மீன் சுவாசிக்கிறது. ஜலம் சூடேறச் சூடேற அந்த வாயு குறைகிறது. கடல் மட்டத்தில், 10 டிகிரியில் ஒரு லிட்டர் ஜலத்தில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக்கூடும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம்தான். உயரமான மலையில் காற்று மெலிந்திருப்பதால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். வரவு குறையும்போது செலவோ ஏறுகிறது. உஷ்ணத்தில் மீனின் உடம்புக்கு அதிகப் பிராணவாயு தேவை. இந்நிலையில் அதைக் கால் மணி நேரம் ஓட ஓட விரட்டிவிட்டு, பிறகு காற்றிலே தூக்கிப் பிடித்தால், மலையேறி மூச்சு வாங்குகிறவனின் மூக்கையும் வாயையும் பொத்தியது போலத்தான். வேனிலில், வெயில் நேரத்தில், டிரௌட்டுக்கு 'விடுதலை' அளிப்பது பெரும்பாலும் பெயரளவில் விடுதலை.

காவற்காரர் மனைவியின் கேள்வி

செத்த மீனை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். அணைக் காவற்காரரின் மனைவி சுள்ளிக் கட்டுடன் அந்த வழியே வந்தாள். பெரியப்பாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். மீனை அவளிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். இரண்டடி நடந்தவள், திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. தின்கிறவங்க பிடிச்சால் பசி தீரும். நீங்க தின்கிறதுமில்லை, இதை உசிரோட விட்டதுமில்லை. அப்புறம் எதுக்குங்க இந்தச் சிரமம்?"

அதில் கோபம் இல்லை, ஏளனமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நியாயமான கேள்வி, அம்மா" என்றார் பெரியப்பா. வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவரே பேச்சைத் தொடங்கினார். "ஏன் பிடிக்கிறேன் என்று வந்த அன்றைக்கே கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். ஓடுகிற ஜலத்தை மறித்து நிற்கவைத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் எத்தனையோ ஊர்களில் விளக்கு எரிகிறது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் நின்ற ஜலம் சூடேறுகிறது. எவ்வளவு ஏறுகிறது, இன்னும் ஓர் உயிரைத் தாங்குகிறதா என்று பார்க்கத்தான் தினமும் போகிறேன்."

"அதற்குத் தெர்மாமீட்டர் போதுமே, பெரியப்பா? தூண்டில் எதற்கு?"

அவர் வெகு நேரம் பேசாமலிருந்தார். "அதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை" என்றார் கடைசியில்.

மறுநாள் காலையில் அவர் ஏரிக்குப் புறப்பட்டபோது, கோல் ஆணியிலேயே தொங்கிற்று. அந்த வருஷம் மட்டுமல்ல. அதற்குப் பிறகு அவர் இருந்த வரையில், மாசிக்குப் பின் மழை பிடிக்கும் வரை கோலைத் தொட்டதில்லை என்று பெரியம்மா சொல்லுவாள்.

இரு தரப்பு நியாயம்

காவற்காரரின் மனைவி கேட்ட கேள்வியை இன்று சட்டசபைகளும் கேட்கின்றன. விடுவதற்கென்றே மீன் பிடிப்பதை ஸ்விட்ஸர்லாந்து 2009 முதல் தடுத்திருக்கிறது. ஜெர்மனியின் பிராணிப் பாதுகாப்புச் சட்டமும் நியாயமான காரணமின்றி எந்தப் பிராணிக்கும் துன்பம் தரக்கூடாது என்கிறது. உணவுக்குப் பிடிப்பது அங்கே காரணமாகும், வேடிக்கைக்குப் பிடிப்பது ஆகாது. எதிர்த் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆற்றில் நஞ்சு கலந்தால் முதலில் கூக்குரல் எழுப்புகிறவர்கள் பல தேசங்களில் தூண்டிற்காரர்களே. எல்லோரும் பிடித்ததையெல்லாம் கூடையில் போட்டால், பல ஓடைகள் மீனற்றுப் போகும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தின்பதற்குப் பிடிக்கிறவன் தேவையான அளவு பிடித்துத் தின்னட்டும். அதில் பாசாங்கு இல்லை. விடுவதற்காகப் பிடிக்கிறவன் விடுவது பிழைக்கும் என்று நிச்சயமுள்ள காலத்தில் மட்டும் கோலை எடுக்கட்டும். அந்த நிச்சயத்தைத் தன் ஆசையிடம் கேட்காமல், தெர்மாமீட்டரிடம் கேட்கட்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்நியமான மீன் நம் மலையில் இருக்கலாமா? உலகில் மிக அதிகத் தீங்கு விளைவித்த அந்நிய உயிரினங்கள் நூற்றின் பட்டியலைச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்டபோது, அதில் பழுப்பு டிரௌட், வானவில் டிரௌட் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. கலிபோர்னியாவின் ஸியெர்ரா நெவாடா மலையில், மீனே இல்லாதிருந்த உயர்ந்த ஏரிகளில் விளையாட்டுக்காக டிரௌட்டை விட்டார்கள். அங்கே ஆதியில் வாழ்ந்த மஞ்சட்கால் தவளையின் குஞ்சுகளை அது தின்று தீர்த்தது. 2014-இல் அத்தவளையை அழியும் நிலையிலுள்ள இனமாக அமெரிக்க அரசாங்கம் அறிவிக்க வேண்டியதாயிற்று. சில ஏரிகளிலிருந்து மீனை முற்றிலும் அகற்றிப் பார்த்தார்கள். தவளைகள் திரும்பின. நீலகிரியின் ஓடைகளிலும் உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் இருக்கின்றன. அவற்றுக்காகப் பேசத் துரைமார் சங்கம் எதுவும் இருந்ததில்லை.

இதற்காக, 'வெள்ளைக்காரன் கொண்டுவந்த மீனை ஒழித்துக்கட்டு' என்று முழங்கச் சொல்லவில்லை. மீன் தானாக வரவில்லை, பாஸ்போர்ட்டும் கேட்கவில்லை. ஆனால் இருக்கிற இடத்தோடு அது நிற்கட்டும். புதிதாக ஓர் ஓடையிலும் அதை விடவேண்டாம். அதற்குமேல் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஜலத்தைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது. மலை மடிப்பிலுள்ள சோலையும் அதைச் சூழ்ந்த புல்வெளியும் மழையைக் குடித்து, வருஷம் முழுவதும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. மரநிழல் ஓடையை வெயிலிலிருந்து காக்கிறது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. அவ்வளவு மழை பெய்யும் மலையிலும் சித்திரையில் ஓடை வற்றுகிறதென்றால், குறை வானத்தில் இல்லை. புல்வெளியை அழித்துச் சீமை மரமும் தேயிலையும் நட்ட கைகளில் இருக்கிறது. அவற்றில் வெள்ளைக் கையும் உண்டு. நம் கையும் உண்டு. வந்த மீனுக்கும், சொந்தத் தவளைக்கும், கீழே சமவெளியில் குழாயைத் திறக்கும் நமக்கும் வேண்டியது ஒரே ஜலந்தான்.

பெரியப்பா இப்போது இல்லை. கோல் யாரிடம் போயிற்றோ தெரியாது. தெர்மாமீட்டரை மட்டும் பெரியம்மா எனக்குக் கொடுத்தாள். என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அந்த மலையின் பெரும்பகுதி வனத்துறையின் காவலில் இருப்பதால், நினைத்தபடி கரையில் இறங்க இயலாது. அப்படி இருப்பதும் நல்லதே. ஆனால் இந்த வேனிலில் உதகைக்குப் போகும் நேயர்கள், வழியில் எங்கேனும் சாலையோரத்தில் ஓர் ஓடையைக் கண்டால், வண்டியை நிறுத்தி ஒரு நிமிஷம் கையை ஜலத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தைகளையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விறைக்கும்படி குளிர்ந்தால் சந்தோஷப்படுங்கள். குளிரவில்லையென்றால், அது ஏன் என்று குழந்தைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காவது நாம் பதில் தேடி வைத்திருக்க வேண்டும்.